அத்தியாயம் 9: அறுபத்து மூன்று தப்படி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் இரண்டு கண்கள் மீதும், மிச்சமிருக்கும் ஒன்பது பற்கள் மீதும் சத்தியம் செய்கிறேன். ஒன்பதில் இரண்டு ஆடுகின்றன. ஆடும் பல்லை ஏற்காதவர்கள் ஏழின் மீது என்று வைத்துக்கொள்ளலாம்.

போன வாரம் கதையை நிறுத்தியபோது தண்ணீர்த் தொட்டியின் அடியில் நின்றுகொண்டிருந்தோம். என் தம்பி இறந்து நாற்பது நாள். அவன் விட்டுப்போன பண்ணையில் நான்கு பசுக்கள், ஒரு கிணறு, மேட்டில் ஒரு சிமென்ட் தொட்டி, மண்ணுக்குள் எங்கெங்கோ ஓடும் குழாய்கள். கூடவே அவன் மனைவி.

சாயங்காலம் நிரப்பும் தொட்டி காலையில் காலி. அவன் போன முதல் வாரத்திலிருந்தே இப்படித்தான். மோட்டாரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் கிணறு காற்றைத்தான் கொடுக்கிறது. தொழுவத்துத் தொட்டியை மாடுகள் நக்கிக்கொண்டு நிற்கின்றன. தண்ணீர் எங்கே போகிறதென்று தெரியவில்லை.

நகரத்திலிருந்து வந்திருந்த மகள் அம்மாவிடம் ஒரு பேச்சு பேசி முடித்திருந்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள்தான்மா. பொழுது சாயறதுக்குள்ள தொட்டியில தண்ணி நின்னா நீ இங்கயே இரு, நான் வாயைத் திறக்கலை. நிக்கலைன்னா நாளைக்குக் காலையில மாட்டு லாரி வரும். மாடு அதுல ஏறும். நீ என்கூட கார்ல ஏறுவே."

"சரி" என்றாள் என் தம்பி மனைவி.

அவள் சரி என்று சொன்னதில்தான் எனக்குப் பயம். முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் எதற்கும் ஒரே தடவையில் சரி சொன்னவள் இல்லை. கல்யாணத்துக்கே மூன்றாவது தடவைதான் சரி சொன்னாள்.

*

காலை ஏழு மணிக்குக் குழாய்க்காரன் வந்தான். எல்லோரும் அவனை நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். அவன் எங்கள் வீட்டுக் கதவில் நுழையும்போது முதலில் மார்பு வரும், அப்புறம் குனிந்து தலை வரும். மழைக்காலத்தில் அவன் தலை நனைந்த பிறகு கால் நனைய ஒரு நிமிடம் ஆகும்.

கையில் ஆளுயர இரும்புக் கம்பி. அதன் ஒரு நுனியை மண்ணில் ஊன்றி, மறு நுனியில் காதை வைப்பான். பூமிக்குள் தண்ணீர் சீறுவது கம்பி வழியாகக் கேட்கும். இப்படி ஒரு தடவை காதை வைத்தபோது, பாம்பு தவளையை விழுங்கும் சத்தம் கேட்டு, எந்தக் கால் இன்னும் பாக்கி என்றுகூடச் சொன்னான். நான் பக்கத்தில் இருந்தேன்.

"முதல்ல எல்லாக் குழாயையும் மூடுங்க. வீடு, தொழுவம், தோட்டம், ஒண்ணு விடாம. கேட் வால்வையும் மூடுங்க" என்றான்.

மகள் ஓடி ஓடி மூடினாள். அரை மணி மோட்டார் ஓட்டித் தொட்டியில் தண்ணீர் ஏற்றினோம். நெட்டை தொட்டிமேல் ஏறி, தண்ணீர் மட்டத்தில் சாக்குக் கட்டியால் ஒரு கோடு போட்டான். அரை மணி நேரம் காத்திருந்தோம். கோட்டுக்குக் கீழே நாலு விரற்கடை இறங்கியிருந்தது.

"தொட்டியில விரிசல் இல்லைன்னு போன வாரமே பாத்தாச்சு" என்று கீழே இறங்கி வந்தான். "வால்வெல்லாம் மூடியும் இறங்குது. அப்ப வீட்டுப் பக்கமும் இல்லை, தோட்டத்துப் பக்கமும் இல்லை. தொட்டிக்கும் முதல் வால்வுக்கும் நடுவுல எங்கேயோ போகுதுக்கா."

"எங்கேயோன்னா?" என்றாள் மகள்.

"அதான் தெரியலை. கம்பியை எங்க வச்சாலும் சத்தம் கேக்குது. குழாய் நெடுக சத்தம் ஓடும். உங்கப்பா நேரா போட்டிருந்தா ஒரு நூல் பிடிச்சுத் தோண்டலாம். அவர் பாறையைப் பாத்தா ஒதுங்குவார், புத்தைப் பாத்தா ஒதுங்குவார். குழாய் போட்டாரா, கோலாட்டம் ஆடினாரான்னு தெரியலை."

தம்பி மனைவி வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

*

மோட்டார் அறைக் கதவின் உட்பக்கம்தான் என் தம்பியின் வரைபடம். நீல பெயின்ட்டில், கோணல் எழுத்தில், மேலிருந்து கீழே எழுதி வைத்திருந்தான். அடிக்கோலோ டேப்போ அவன் கையால் தொட்டதில்லை. எல்லாம் தப்படிதான்.

'தொட்டி, தொழுவம் பார்த்து, 42. எல்போ.'

குழாய் வளைகிற மூட்டு அது. அதற்குக் கீழே இன்னொரு வரி.

'தொட்டி, மேற்கு வேலி பார்த்து, 63.'

அவ்வளவுதான். என்ன மூட்டு, எதற்கு என்று ஒன்றும் இல்லை. மற்ற வரிகள் எல்லாம் முதல் வால்வுக்கு அப்புறம் வருகிற சங்கதிகள்.

"இது போதுமே!" என்று நெட்டை கைகளைத் தட்டிக்கொண்டான். தொட்டியடியில் முதுகை ஒட்டி நின்று, தொழுவத்தைப் பார்த்து நாற்பத்திரண்டு தப்படி வைத்தான். போய் நின்ற இடம் தொழுவத்துக்குள்ளே. கோணக்கொம்பு என்று நாங்கள் கூப்பிடும் பசு அவனை ஏற இறங்கப் பார்த்தது. ஏறப் பார்க்க அதற்கு வெகு நேரமாயிற்று.

"தொழுவத்துக்குள்ள எல்போ எப்படி இருக்கும்?" என்றாள் மகள். "தள்ளுங்கண்ணா, நான் நடக்கறேன்."

அவள் நாற்பத்திரண்டு வைத்தாள். தொழுவத்துக்கு இந்தப் பக்கம் நின்றது. தோண்டினார்கள். இடுப்பளவு பள்ளம். காய்ந்த மண். கொஞ்சம் தள்ளி இன்னொரு பள்ளம். அதுவும் காய்ந்த மண், ஒரு உடைந்த பீங்கான் கோப்பை.

மேற்கு வேலிப் பக்கமும் நெட்டை ஒரு நடை நடந்து பார்த்தான். அவனுடைய அறுபத்து மூன்று வேலியைத் தாண்டி, என் நிலத்தில், எலுமிச்சை மரங்களுக்கு நடுவே போய் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் நான். பாகம் பிரித்த நாளிலிருந்து அப்படித்தான்.

"பெரியவரே, உங்க நிலத்துல இவங்க குழாய் வருதா?"

"என் நிலத்துல இவங்க குழாய்க்கு என்ன வேலை?" என்றேன்.

"அதானே" என்று திரும்பி வந்துவிட்டான்.

மணி ஒன்றாயிற்று. மகள் மண்வெட்டியை வீசிவிட்டு, பள்ளத்தின் கரையில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள். கொப்புளம்.

"போதும்மா. கேக்கறதைக் கேளு. அப்பா போயாச்சு. அவர் எங்க எதைப் புதைச்சார்னு அவருக்குத்தான் தெரியும். கேட்டுத் தெரிஞ்சுக்க ஆள் இல்லை."

அம்மா காலையிலிருந்து கிணற்றுக்கும் தொழுவத்துக்கும் வாளி சுமந்துகொண்டிருந்தாள். ஒரு மாடு ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும் என்று வாளி சுமந்தவர்களுக்குத்தான் தெரியும். கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் நடந்தா எப்படிக் கிடைக்கும்?" என்றாள்.

"ஏன்?"

"நீங்க நேரா நடக்கறீங்க."

*

என் தம்பிக்கு இடது கால் வலது காலைவிட இரண்டு விரற்கடை குட்டை. அது எப்படி வந்தது என்பதற்கு ஆறு கதைகள் உண்டு. ஆறும் நான் சொன்னவை. ஒன்றில் எருமை வருகிறது, ஒன்றில் ரயில் வருகிறது. பிறக்கும்போதே அப்படித்தான் என்ற விவரம் எதிலும் வருவதில்லை.

வலது கால் ஒரு எட்டு வைக்கும். இடது கால் பின்னாலேயே வந்து, முழு எட்டு வைக்காமல், பாதியில் ஊன்றும். அப்புறம் உடம்பை ஒரு தூக்குத் தூக்கி மறுபடி வலது கால். தூரத்திலிருந்து பார்த்தால் படகில் வருகிற மாதிரி இருக்கும்.

அவள் தொட்டியடியில் போய் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

நடந்தாள்.

வலது கால் ஒரு எட்டு. இடது கால் பாதி. இடது தோள் கொஞ்சம் இறங்கி, உடம்பு ஒரு தூக்கு. முப்பத்திரண்டு வருடம் அந்த நடைக்கு இரண்டடி பின்னால் நடந்தவள். வரப்பில், தொழுவத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில். ஒரு அசைவு விட்டுப்போகவில்லை. வலது கைகூட அவன் வீசுகிற மாதிரியே, உள்ளங்கை பின்பக்கம் பார்க்க, வீசியது.

நெட்டை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். எதற்கு அவிழ்த்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"அம்மா, வேணாம்மா" என்றாள் மகள்.

"எண்ணிக்கையைக் கலைக்காதடி. பதினெட்டு. பத்தொம்பது."

நாற்பத்திரண்டு என்று சொல்லி நின்ற இடம், அவர்கள் தோண்டியதற்குப் பதினைந்து அடி முன்னாலேயே இருந்தது. நெட்டை அங்கே கம்பியை ஊன்றிக் காதை வைத்தான். வைத்த மாத்திரத்தில் கையைத் தூக்கினான்.

முழங்கால் ஆழத்தில் மண் கறுத்தது. அப்புறம் சேறு. எல்போவின் கழுத்தில் ஒரு வேர் நெருக்கி, மயிரிழை வெடிப்பு. அதிலிருந்து தண்ணீர் ஊசி மாதிரிப் பீய்ச்சி, நெட்டையின் மூக்குக்குள் போயிற்று.

மகள் சிரித்துவிட்டாள். நாற்பது நாளில் அந்தப் பண்ணையில் முதல் சிரிப்பு. "அம்மா! கிடைச்சிடுச்சும்மா!" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மாவின் இடது தோள் இன்னும் இறங்கியே இருந்தது.

நெட்டை தொட்டிக்குள் இறங்கி, குழாயின் வாயில் துணிமூட்டையை அடைத்துத் தண்ணீரை நிறுத்தினான். எல்போவை அறுத்து எடுத்தான். குழாய் நுனிகளைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, புது எல்போவைச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பிடித்தான். நூறு எண்ணுகிற வரைக்கும் யாரும் மூச்சு விடவில்லை. நான் மட்டும் இருமினேன். முறைத்தான்.

பசை காய ஒரு மணி நேரம். அப்புறம் துணிமூட்டையை எடுத்தான், புதுக் கோடு போட்டான். எல்லோரும் மேட்டில் வரிசையாக உட்கார்ந்து தொட்டியையே பார்த்தோம்.

அரை மணி கழித்து ஏறிப் பார்த்தவன் இறங்கவில்லை. மேலேயே நின்றான்.

"என்னண்ணா?"

"மூணு விரற்கடை."

"மூணு மிச்சமா?"

"மூணு இறங்கியிருக்கு. அந்த எல்போல போனது சொட்டுத்தான். பெருசா போறது வேற எங்கேயோ போகுது."

வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மகள் போனை எடுத்து, லாரிக்காரன் பேரைத் தேடி வைத்துக்கொண்டு, கூப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தாள். அதற்கு அவளைத் திட்ட முடியாது. அவள் தான் சொன்ன பேச்சுக்குக் கட்டுப்பட்டவள். அப்பாவைப் போல.

தம்பி மனைவி எழுந்தாள். மறுபடி தொட்டியடிக்குப் போனாள். இந்தத் தடவை மேற்கு வேலியைப் பார்த்து நின்றாள்.

*

நான் அதற்குள் வேலியோரம் போய்விட்டிருந்தேன். நிழல் அங்கேதான் இருந்தது. ஒரு தட்டைக் கல், மேலே கொஞ்சம் அறுத்த புல், உட்கார வாகாக. உட்கார்ந்து அவள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிரிலிருந்து பார்க்கும்போதுதான் தாங்க முடியவில்லை. சாய்ந்த வெயிலுக்குத் தலைப்பை முகத்தின்மேல் இழுத்து விட்டிருந்தாள். முகம் தெரியவில்லை. அந்த நடை மட்டும் தெரிந்தது. வலது கால் ஒரு எட்டு, இடது கால் பாதி, ஒரு தூக்கு. பதினோரு வருடம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நான் பார்த்தது அந்த நடையைத்தான். முகம் கொடுத்துப் பேசியதில்லை. இப்போது அது நேராக என்னை நோக்கி வந்தது.

"அறுபத்தொண்ணு. அறுபத்திரெண்டு."

என் முழங்காலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அறுபத்து மூணு" என்றாள். "எழுந்திருங்க மாமா."

எழுந்தேன்.

நெட்டை புல்லை ஒதுக்கி, கல்லைப் புரட்டினான். கீழே செங்கல் வைத்துக் கட்டிய சின்னக் குழி. குழிக்குள் ஒரு பித்தளை வால்வு. தொட்டியடி சிமென்ட்டுக்குள்ளேயே பிரிந்து வந்த ஒரு கிளைக்குழாய், அந்த வால்வு வழியாக, மேற்கே, வேலிக்கு அடியில் போயிற்று. காதைக் கம்பியில் வைக்க வேண்டிய தேவையே இல்லை. தண்ணீர் ஓடுகிற சத்தம் நின்ற இடத்திலேயே கேட்டது.

"ஒழுகலே இல்லைக்கா" என்றான் நெட்டை மெதுவாக. "திறந்திருக்கு."

மகள் வேலியைப் பார்த்தாள். வேலிக்கு அப்பால் என் எலுமிச்சைகளைப் பார்த்தாள். சுற்று வட்டாரமே சருகாகிக் கிடக்கிறது. அவை மட்டும் பச்சைப் பசேலென்று நின்றன. என்னைப் பார்த்தாள்.

"பெரியப்பா. எத்தனை வருஷமா?"

"பதினோரு வருஷம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஊத்துன்னு நினைச்சேன்" என்றேன். பதினோரு வருடமாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். என் கைராசிக்குப் பூமி தானாகத் திறந்துகொண்டது என்று.

யாரும் நம்பவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

பாகம் பிரித்த அன்று கிணறு அவன் பங்குக்குப் போயிற்று. "வேணும்கிற தண்ணியை எடுத்துக்கோண்ணா" என்றான். "உன் கிணத்துத் தண்ணியில என் செடியோட வேர்கூட நனையாது" என்றேன். அவனிடம் நான் கடைசியாகப் பேசிய பேச்சு அது. அடுத்த மாதம் ஒரு சாயங்காலம், என் எலுமிச்சைப் பாத்தியில் தண்ணீர் வந்தது. ஒரு அரை மணி வந்து நின்றது. மறுநாளும் அதே நேரம். கேட்டால் நான் மறுப்பேன் என்று கேட்காமலே விட்டான். வேண்டாம் என்று போய்ச் சொன்னால் பேச வேண்டிவரும் என்று நானும் விட்டேன். இப்படியே போயிற்று, தினமும் அரை மணி.

தம்பி மனைவி குழியோரம் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"தினம் சாயங்காலம் கிணத்தைப் பாத்துட்டு வரேன்னு போவார். கிணத்துல என்ன இருக்கு, தினம் பாக்கன்னு கேப்பேன். சிரிப்பார். என்கிட்டகூட சொல்லலையே மாமா."

நான் கீழே கிடந்த புல்லைக் காலால் ஒதுக்கினேன்.

"அன்னிக்கும் போனார். திரும்பி வந்து வாசப்படியில உக்காந்தார். தண்ணி கேட்டார். நான் எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." நிறுத்தினாள். "திறந்து விட்டுட்டு வந்திருக்கார். மூடப் போக நேரம் இல்லை அவருக்கு."

நெட்டை மூக்கை உறிஞ்சினான். அந்த உயரத்திலிருந்து உறிஞ்சினால் பெரிதாகக் கேட்கிறது.

மகள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்து வால்வின்மேல் வைத்தாள். "சரிம்மா. தெரிஞ்சு போச்சு. இப்ப மூடு. மூடினா தொட்டி நிக்கும். மாடு நிக்கும். நான் ஒத்துக்கறேன், நீ இங்கயே இரு. பெரியப்பா மரத்துக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்."

வெயில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. நாலு சுற்றுச் சுற்றினால் முடிகிற வேலை.

அவள் கை வால்வின்மேல் அப்படியே இருந்தது. சுற்றவில்லை. சூடு பார்க்கிற மாதிரி வைத்திருந்தாள்.

"மாட்டேன்" என்றாள்.

"அம்மா!"

"அவர் கடைசியா கை வச்சது இதுலதான். அவர் திறந்து வச்சதை என் கையால மூட மாட்டேன். வேற யாரும் மூட விடவும் மாட்டேன்."

"அப்ப மாடு? நீ? தொட்டி காலியாகத்தானே போகும்?"

"போகட்டும். லாரியை வரச் சொல்லு. நீ சொன்ன பேச்சுதானே? தொட்டி நிக்கலை. நான் வரேன்."

"பைத்தியமாம்மா உனக்கு? இங்கேர்ந்து போக மாட்டேன்னு நாற்பது நாளா என்கிட்ட சண்டை போட்டது யாரு?"

"போறேன்டி. ஆனா இது திறந்தே இருக்கட்டும்."

நெட்டை தன் கம்பியை எடுத்துத் தோளில் சாத்தி, மறுபடி இறக்கி வைத்தான். மகள் என்னிடம் வந்தாள். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கொப்புளம் உடைந்து ஈரமாக இருந்தது.

"பெரியப்பா, நீங்க சொன்னா கேப்பாங்க. மூடச் சொல்லுங்க. அவங்களால என் மூணாவது மாடி வீட்டுல இருக்க முடியாது பெரியப்பா, எனக்கே தெரியும். ஏதாவது சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். எருமையும் ரயிலும் நினைத்த மாத்திரத்தில் வந்து நிற்கிற வாய் இது. ஒன்றும் வரவில்லை.

"காலையில பேசிக்கலாம்" என்றேன்.

அவள் என் கையை விட்டாள். அப்பால் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, லாரிக்காரனைக் கூப்பிட்டாள். ஆறு மணிக்கு வந்துவிடுவதாக அவன் சொன்னது எனக்கே கேட்டது. அவள் அம்மா வால்வைத் தொட்டபடி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் மேற்கே ஓடிக்கொண்டிருந்தது.

என் தம்பி இறந்த மூன்றாம் நாள் நான் வேலி தாண்டி வந்து பார்த்தபோது அந்த வால்வு மூடித்தான் இருந்தது; திறந்தவன் நான்.